எண்ணும் பயனும்

நூலுக்குச் சிறப்புப் பாயிரம் உரைக்கும் இலக்கணம் வகுத்த நன்னூலார், அதன்கண் கூறப்படுவன ஆக்கியோன் பெயர் முதலாக எட்டு என்றனர். அவ்வெட்டனுள் கேட்போர் என்பதனையும் பயன் என்பதனையும் வேறு வேறாக வைத்தனர். கேட்போர் யாவர் என்பதே ஆண்டுக் கருதப்பட்டது. எத்துணையர் என்பது கருதப்பட்டிலது. இவ்வேறுபாடு இக்காலத்து நூலாசிரியர் ஒருசாரார்க்கு மறைந்துபோயிற்று. அதனால் விளையும் கேடு யாதென்பது ஈண்டு ஆராயப்படும்.

2007-ஆம் ஆண்டில் அமேசான் என்னும் அமெரிக்க வாணிக நிறுவனம் கிண்டில் என்னும் மின்னூற் கருவியை வெளியிட்டது. அதுமுதல், பதிப்பாளர் துணையின்றி ஆசிரியரே தம் நூலை மின்னூலாக்கி விற்கும் முறை பெருகிற்று. 2014-இல், மாதந்தோறும் ஒரு தொகை செலுத்துவோர் நூல்களை வேண்டியவாறு எடுத்துப் படிக்கும் திட்டமும் தோன்றியது. அதன்கண் நூலிற் பத்திலொரு பங்கு படிக்கப்பட்டால் ஆசிரியர்க்குப் பொருள் உண்டு என்பதே முதலில் விதி. 2015 ஜூலை முதல், படிக்கப்பட்ட பக்கத்தின் அளவே கூலிக்கு அளவாயிற்று. ஒரு பக்கத்திற்குக் கிடைப்பது அமெரிக்கச் சதமொன்றில் ஏறத்தாழப் பாதி. 2016-இன் இறுதியில் தமிழும் கிண்டிலில் இடம்பெற்றமையின், இச்செய்தி தமிழாசிரியர்க்கும் உரியதாயிற்று.

படிக்கப்பட்ட பக்கங்களின் தொகை நாள்தோறும் ஆசிரியர்க்குக் காட்டப்படும். துயிலெழுந்தவுடன் அதனை நோக்குவாரும், உண்ணும்போதும் அதனையே நோக்குவாரும் பலர். எண் உயரின் தம் நூல் உயர்ந்ததென மகிழ்வர்; தாழின் தம் புலமையே தாழ்ந்ததென வாடுவர்.

அவ்வெண் அறிவிப்பதுதான் யாது? முந்நூறு என்று காட்டின், ஒருவர் முந்நூறு பக்கங்களையும் ஆர்வத்தோடு படித்து முடித்தார் எனவும் கொள்ளலாம். நூறுபேர் மும்மூன்று பக்கம் படித்து வெறுத்து நீங்கினர் எனவும் கொள்ளலாம். தம்முள் முற்றும் மாறுபட்ட இவ்விரண்டிற்கும் எண் ஒன்றே. மேலும், இணையத் தொடர்பின்றிப் படித்த பக்கங்கள், கருவி மீண்டும் தொடர்பு பெற்ற பின்னரே கணக்கில் ஏறும். ஆதலின் இன்று பூச்சியம் காட்டியமை இன்று எவரும் படித்திலர் என்பதற்குச் சான்றாகாது. நூலின் தொடக்கத்தினின்று கடைசிக்குத் தாவுமாறு இணைப்பு அமைத்து, படியாத பக்கங்களையும் படித்தனபோற் காட்டியவர்களும் இருந்தனர். ஒருவர் ஒரு நூலிற் படித்தனவாகக் கொள்ளப்படும் பக்கங்களுக்கு 3000 என எல்லையும் பின்னர் விதிக்கப்பட்டது.

அற்றேல், மாணாக்கர் முகக்குறிப்பை நோக்கிப் பாடஞ்சொல்லும் ஆசிரியர்போல, படிப்போர் நிலையை நூலாசிரியர் நோக்குதல் குற்றமாமோ எனின், ஆகாது. நூலால் வாழ்வார் தம் கூலியைக் கணக்கிடுதலும் குற்றமன்று. ஆயினும் முகக்குறிப்பு வேறு, எண் வேறு. மாணாக்கன் முகம் எச்சொல்லில் மயங்கினான் என்பதனைக் காட்டும். எண்ணோ எவர், எவ்விடத்து, ஏன் நின்றார் என்பவற்றுள் ஒன்றனையும் காட்டாது. கூலியும், மாதம் முடிந்து ஏறத்தாழ அறுபது நாள் கழித்தே வருவது. நாழிகைதோறும் நோக்குதலால் அது ஒரு நாளேனும் முந்தி வாராது.

இதனினும் நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒருவர் ஒரு பக்கத்தை முதன்முறை படித்தலே இக்கணக்கில் ஏறும். அதனையே அவர் மீண்டும் பன்முறை படிப்பினும் ஏறாது. கூலி கொடுப்பார்க்கு இது தக்க விதியே. நூற்பயனுக்கோ இது நேர்மாறானது. இருகாற் கேட்டவன் பிழைநீங்குவான் என்றும், முக்காற் கேட்டவன் பிறர்க்கு முறையறிந்து உரைப்பான் என்றும் நன்னூலார் கருதினர். நம்மவரும் கேட்டலோடு அமையாது சிந்தித்தல், தெளிதல், நிட்டை என மேலும் மூன்று படிகள் கூறினர். நூல் தன் தொழிலைச் செய்யத் தொடங்குவது எவ்விடத்தோ, அவ்விடத்தே இவ்வளவுகோல் ஓய்ந்துபோகின்றது.

இஃதறியாது எண்ணையே பற்றுவார்க்கு வரும் கேடு வாட்டம் மட்டும் அன்று. உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்பினது என்பது சித்தாந்தத் துணிபு. எண்ணைச் சார்ந்த ஆசிரியரும் மெல்ல எண்ணின் வண்ணமாவர். நின்று கருதவேண்டிய பகுதி படிப்போரைத் தடுக்குமென்று தாமே அஞ்சி அதனைக் களைவர். அடுத்த பக்கம் புரட்டச் செய்வதனையே எழுதுவர். தாம் சொல்லவந்தது யாது என்னும் வினா அவருள்ளத்தினின்று நீங்கும். அந்நிலையில் எண் உயரினும் இழந்தவர் அவரே.

ஆதலின் கூலிக்குரிய கணக்கை மாதத்திற்கு ஒருமுறை கண்டு, எஞ்சிய நாளை எழுத்திற்கு ஆக்குதலே தக்கது. அக்கணக்கிற் பூச்சியம் காட்டும் நாளிலும், முன்னரே படித்த பக்கமொன்றை மீளத் திறந்து, ஒரு வாக்கியத்தின்கண் ஒருவர் நெடுநேரம் நின்றிருத்தல் கூடும். பாயிரம் கூறிய கேட்போர் அவரே.