சொந்தத்தில் சம்பந்தம்

 

அரிசி மூட்டை கடையில் வந்து இறங்கினால், குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. கொண்டு வந்தவர் கூடப் பிறந்தவரானாலும் பார்க்கத்தான் செய்கிறோம். அவரும் வருத்தப்படுவதில்லை, அது வியாபார முறை. ஆனால் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போது மட்டும், "லாத்தா மகன்தானே, மாமி மகள்தானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று முடித்துவிடுகிறோம். நாம் ஆலிமல்ல, மத்ரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு கடையேறியவர்கள். கேட்டறிந்ததையும் பட்டறிந்ததையும் சொல்கிறோம்.

முதலில் மார்க்கத்தின் நிலை. யாரை மணக்கக்கூடாது என்பதை அன்னிஸா அத்தியாயத்தின் 23-ஆம் வசனம் வரிசையாகச் சொல்கிறது. சகோதரியின் மகள் அதில் அடக்கம்; ஆகவே தாய்மாமன் கல்யாணம் நமக்கு ஹராம். மாமன் மகள், மாமி மகள், பெரியவாப்பா மகள், சின்னம்மா மகள் அந்த வரிசையில் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மணந்த ஸைனப் (ரலி) அவர்கள் நாயகத்தின் மாமி மகளே. ஆகவே அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராம் என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை.

ஆனால் ஹலால் என்பது கடமை என்றாகிவிடாது. நாயகம் அவர்கள் வேற்றுக் கோத்திரங்களிலும் மணந்தார்கள். ஜுவைரிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது, அவர்களுடைய பனூ முஸ்தலிக் கூட்டத்துக் கைதிகள் நாயகத்தின் சம்பந்தக்காரராகிவிட்டார்கள் என்று சஹாபாக்கள் விடுதலை செய்தார்கள். புதுச் சம்பந்தம் எத்தனை கதவுகளைத் திறக்கிறது பாருங்கள்! நம் ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவி அவர்களும் மின்ஹாஜில், பெண் நெருங்கிய உறவாக இல்லாதிருப்பது விரும்பத்தக்கது என்றே எழுதியுள்ளார்கள். இதையே நபிமொழி என்று சிலர் சொல்வதற்கு ஆதாரமில்லை. அது இமாம்களின் அறிவுரை.

இப்போது வைத்தியம் சொல்வதைப் பார்ப்போம். உறவல்லாத தம்பதிகளுக்குப் பிறக்கும் 100 பிள்ளைகளில் 2 அல்லது 3 பேருக்குப் பிறவிக் குறை இருக்கலாம். மாமன், மாமி மக்கள் மணந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அப்படியும் மிகப் பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக அதே குடும்பத்துக்குள் கொடுத்து வாங்கினால் ஆபத்து கூடுகிறது. காரணம் எளிது. மறைந்திருக்கும் குறை ஒன்று பாட்டனாரிடமிருந்து இரு பக்கத்துக்கும் இறங்கியிருக்கலாம். ஒருவரிடம் மட்டும் இருந்தால் வெளியே தெரியாது. இருவரிடமிருந்தும் சேர்ந்து வந்தால் பிள்ளையைப் பிடிக்கும்.

நம் காக்கா மாமி மகளை மணந்தவர். அவருடைய இரண்டாவது பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. "இவள் வயிற்றுக் கோளாறு" என்று வீட்டுப் பெண்கள் மதினியைக் குத்திப் பேசினார்கள். நாமும் அன்று வாய்மூடியிருந்தோம். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறோம்.

இரண்டு வருஷங்களுக்கு முன் லாத்தா வந்து, "தம்பி, உன் மகளை என் மகனுக்குத் தா" என்றார். ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுப் பேசுவோம் என்றோம். "சந்தையில் மாடு பிடிக்கிறாயா?" என்று கலங்கினார். ஆனாலும் பிள்ளைகள் போய்ப் பார்த்தார்கள். இருவரிடமும் தலசீமியா மறைவாக இருந்தது. அவர்களுக்கு அதனால் நோயில்லை. ஆனால் அவர்கள் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு, பிள்ளை கடும் நோயோடு பிறக்க இடமுண்டு. கடுமையாக வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை ஆயுள் முழுதும் பிறர் ரத்தம் ஏற்ற வேண்டும். சம்பந்தத்தை நிறுத்தினோம்.

அன்றிரவு மகள் சொன்னாள்: "வாப்பா, மச்சானை நான் கூடப் பிறந்தவராகவே நினைத்து வளர்ந்தேன்." அதுவரை அவளிடம் ஒரு வார்த்தை நாம் கேட்கவில்லையே!

தந்தை தம் சகோதரர் மகனுக்குத் தன்னைக் கட்டிவைத்ததாக ஒரு பெண் முறையிட்டபோது, நாயகம் அவர்கள் முடிவை அவள் கையிலேயே கொடுத்தார்கள். அவளோ அந்த மணத்தை ஏற்றுக்கொண்டு, தந்தையருக்கு இதில் வற்புறுத்தும் உரிமையில்லை என்பதைப் பெண்கள் அறியவே கேட்டதாகச் சொன்னாள். கடைப் பங்கு வெளியே போகக்கூடாது, சீர் மிச்சமாகும் என்று பெண்ணைக் கணக்கில் எழுதுகிற நமக்கு இது பாடமல்லவா? சொந்தத்தில் கொடுத்த பெண் துன்பப்பட்டால் வாய் திறக்கவும் அஞ்சுகிறாள். திறந்தால் இரண்டு குடும்பம் பிரியும், கடையும் பிரியும்.

ஆகவே சகோதரர்களே! சம்பந்தம் பேசுமுன் பிள்ளைகளைக் கேளுங்கள். இந்நாட்டில் நிக்காஹுக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு எப்படியும் ரத்தம் கொடுக்கிறோம். நிச்சயம் செய்யுமுன்பே தலசீமியாவுக்கும் கொடுத்துவிடுங்கள். எல்லாக் குறையையும் அது காட்டாது. குடும்பத்தில் முன்பு நடந்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள். சொந்தத்தில் மணந்தவர்களைக் குத்திப் பேசாதீர்கள். குறையோடு பிறந்த பிள்ளையும் அல்லாஹ்வின் அமானத்தே.

எட்டு மாதம் லாத்தா நம் வாசல் மிதிக்கவில்லை. பெருநாளன்று நாமே போய் ஸலாம் சொன்னோம். அழுதார், சோறு போட்டார். பழைய நெருக்கம் முழுதும் திரும்பவில்லை. ஆனாலும் போய்க்கொண்டிருக்கிறோம். சம்பந்தம் வேண்டாமென்று சொல்லலாம்; இரத்த பந்தத்தை முறிக்க நமக்கு அனுமதியில்லை.

அல்லாஹ் நம் மக்களுக்கு நற்சுகமும் நமக்கு நல்லறிவும் தந்தருள்வானாக! ஆமீன்.