யார் பார்க்க வேலை செய்கிறோம்?

ஞாயிறு திருப்பலி முடிந்து, கோவில் முற்றத்தில் மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில் ஓர் இளம் தாய் என்னிடம் வந்தாள். அவள் கையைப் பிடித்தபடி ஏழு வயது மகன் நின்றான். கொழும்பிலுள்ள ஒரு கம்பனிக்குக் கணக்கெழுதுவது அவள் வேலை. கந்தோருக்குப் போவதில்லை; கற்பிட்டிப் பக்கத்தில் தன் வீட்டிலிருந்தபடியே கணினியில் செய்கிறாள். "சுவாமி, இது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய விஷயமா என்றே தெரியவில்லை, அதுதான் வெளியில் கேட்கிறேன்" என்று தொடங்கினாள்.

விஷயம் இதுதான். அவளுடைய கணினியில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு பச்சைப் புள்ளி எரிகிறது. சில நிமிடங்கள் மவுஸை அசைக்காமல் விட்டால் அது நிறம் மாறிவிடும். கொழும்பிலிருக்கும் மேலாளர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றன்றைய வேலையை அவள் பெரும்பாலும் பகல் இரண்டு மணிக்குள் முடித்துவிடுகிறாள். ஆனால் ஐந்து மணிவரை பச்சைப் புள்ளி எரியவேண்டும். படுக்கையில் கிடக்கும் மாமனாருக்குக் கஞ்சி கொடுக்கவேண்டும், அடுப்பைப் பார்க்கவேண்டும். ஆகவே பாடசாலையிலிருந்து வந்த மகனை நாற்காலியில் உட்காரவைத்து, "இதைச் சும்மா ஆட்டிக்கொண்டிரு" என்று மவுஸைக் கொடுத்துவிடுவாள். ஒருநாள் பிள்ளை கேட்டான்: "அம்மா, நீங்கள் குசினியில்தானே இருக்கிறீர்கள்? பிறகு ஏன் இங்கே இருக்கிறதாகக் காட்டவேண்டும்?"

"வேலை ஒன்றும் குறையவில்லை, சுவாமி. ஒரு சதம் களவில்லை. இது பாவமா?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பெயரைப் போடாமல் எழுத அவள் சம்மதித்தாள். அந்த யோசனையே இக்கட்டுரை.

நமக்குப் புதிதல்ல

வீட்டிலிருந்து வேலை என்பதை நம்மில் பலர் 2020-ல்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம். கொரோனாத் தொற்றுக் காலத்தில், நாடு முழுவதற்கும் மார்ச் 20-ம் திகதி ஊரடங்கு வருமுன்னரே, 18-ம் திகதி மாலை நமது புத்தளம் மாவட்டம் அடைக்கப்பட்டுவிட்டது. கந்தோர்கள் வீடுகளுக்குள் வந்தன. பின்னர் 2022-ல் எரிபொருள் இல்லாமல் நாடு தவித்தபோது, அரச ஊழியர்களையும் வீட்டிலிருந்து வேலை செய்யும்படி அரசாங்கம் கேட்டது. அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் எழும்பிக் கணினியைத் திறந்தவர்கள் நம் பங்குகளிலும் உண்டு.

ஆயினும் உண்மையைச் சொன்னால், முதலாளியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வேலை செய்வது இக்கரையோர மக்களுக்குப் பரம்பரைப் பழக்கம். தென்னந்தும்பைத் திரித்துக் கயிறாக்கிய நம் பாட்டிமார் வீட்டு முற்றத்திலேதான் திரித்தார்கள். கருவாடு காய்ச்சும் பெண்கள் வாடியிலும் வீட்டு வேலியோரத்திலும்தான் காய்ச்சுகிறார்கள். கடலுக்குப் போகிறவனைச் சம்மாட்டி கரையிலிருந்து பார்க்க முடியுமா? கண்ணுக்கு மறைந்தபின் அவன் வலையை ஒழுங்காக விட்டானா, பாதிவழியில் படுத்துறங்கினானா என்பது அவனுக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்த காரியம்.

இன்று கடலுக்கும் ஒரு பச்சைப் புள்ளி வந்துவிட்டது. சட்டவிரோத மீன்பிடியைக் காரணங்காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. 2016-ல் அதை நீக்கியது. அக்காலத்தை ஒட்டி நம் பலநாட் படகுகளில், படகு எங்கே நிற்கிறதென்று செய்மதி வழியாகக் காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டன. நல்லதுதான், எல்லை தாண்டாமல் தடுக்க அது உதவும். ஆனால் படகிலுள்ளவர்கள் ஒருவருக்கொருவர் உதவினார்களா, பிடித்த மீனை நேர்மையாகக் கணக்கிட்டார்களா என்பதை அந்தக் கருவி சொல்லாது. கருவி இடத்தைக் காட்டும், மனத்தைக் காட்டாது.

கண்முன் வேலை

புனித சின்னப்பர் எபேசியருக்கும் கொலோசையருக்கும் எழுதிய நிருபங்களில் இக்கேள்வியைத் தொட்டிருக்கிறார். எசமானின் கண்முன் மட்டும் வேலை செய்து அவனைப் பிரியப்படுத்தப் பார்க்கவேண்டாம். ஆண்டவருக்குச் செய்வதுபோல் உள்ளன்போடு செய்யுங்கள் என்பது அவர் போதனை. அதை எழுதிய மூச்சிலேயே எசமான்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. உங்களுக்கும் மேலே ஓர் எசமான் இருக்கிறார், அவரிடம் முகத்தாட்சணியம் இல்லை என்று எச்சரிக்கிறார். முதற் பாதியை மட்டும் வேலையாளுக்கு வாசித்துக் காட்டும் முதலாளி, நிருபத்தைப் பாதியில் கிழித்தவனாவான்.

ஆதித் திருச்சபையின் வனத்துறவிகள் தங்கள் குடிசைகளிலே ஈச்சோலை முடைந்து, கூடையும் பாயும் விற்றுச் சீவித்தார்கள். அவர்களில் சின்னப்பர் என்ற ஒரு துறவியைப் பற்றி அருட்தந்தை கசியான் எழுதி வைத்திருக்கிறார். அவர் இருந்த இடத்துக்கும் ஊருக்கும் ஏழு நாட் பயணத்துக்கு மேல். கொண்டுபோய் விற்றாலும் வழிச்செலவுக்குக் காணாது. எனினும் யாரோ அளந்து கொடுத்ததுபோல் நாள் தவறாமல் அவர் ஓலை முடைந்தார். ஆண்டு முடிவில் குகை நிறைந்ததும் அவ்வளவையும் தீயிலிட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். வாங்குபவனும் இல்லை, பார்ப்பவனும் இல்லை. இருந்தும் வேலை நடந்தது. உழைப்பு கூலிக்காக மட்டுமல்ல, மனிதனை மனிதனாக நிறுத்தி வைப்பதற்காகவும் என்பதை அந்த வனவாசி அறிந்திருந்தார்.

ஆனால், அன்பு வாசகர்களே, துறவி கூடையை எரிக்கலாம்; குடும்பத்தவள் எரிக்க முடியாது. அவள் பாய் விற்றாகவேண்டும். வாங்குபவன் அதைக் காணவும் வேண்டும். "கடவுள் பார்க்கிறார், அது போதும்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போவது இலகு. கடவுள் பார்ப்பது பரலோகத்துக்குப் போதும். மாத முடிவில் சம்பளம் போடுகிறவனும் பார்த்தால்தான் அரிசி வரும்.

மறைப்பது வேறு, நடிப்பது வேறு

அப்படியானால் மவுஸை ஆட்டுவது பாவமா? புனித அக்குவினாஸ் தோமையார் இங்கே நமக்குக் கைகொடுக்கிறார். பொய் வாயால் மட்டும் சொல்லப்படுவதன்று. செயலாலும் சொல்லலாம், அது நடிப்பு என்ற பொய் என்கிறார். அதேவேளை, உள்ளதைச் சொல்லாமல் இருப்பது எல்லாம் பொய்யாகிவிடாது என்றும் பிரித்துக் காட்டுகிறார். அந்தத் தாய் பகல் இரண்டு மணிக்குக் கஞ்சி காய்ச்சியதை மேலாளருக்குச் சொல்லாமல் விட்டால் அது மறைப்பு மட்டுமே; வீட்டுக் காரியம் முழுவதையும் கந்தோருக்கு ஒப்புவிக்கவேண்டிய கடமை எவருக்கும் இல்லை. ஆனால் குசினியில் நின்றுகொண்டு, நாற்காலியில் இருப்பதாகப் பச்சைப் புள்ளியைப் பேசவைத்தால் அது நடிப்பு. பெரும் பாவமென்று நான் சொல்லவில்லை. சிறிதானாலும் பொய், பொய்தான்.

இன்னொரு வாதமும் உண்டு. "எனக்குத் தரும் சம்பளம் என் உழைப்புக்குக் காணாது, ஆகவே நேரத்தில் கொஞ்சம் நானாக எடுத்துக்கொள்கிறேன்" என்பார்கள். சிலர் இரண்டு கம்பனிகளுக்கு ஒரே நேரத்தை விற்பதாகவும் கேள்விப்படுகிறோம். இதுவும் பழைய வாதமே. தம் சம்பளம் போதாதென்று தாமே தீர்மானித்து, எசமானின் பொருளை இரகசியமாக எடுத்து ஈடுசெய்துகொள்ளலாம் என்று வேலைக்காரருக்கு இடங்கொடுத்த கொள்கையைப் பாப்பரசர் பதினோராம் இன்னொசென்ட் 1679-ல் கண்டித்தார். தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்க மனிதனுக்குத் தகுதி போதாது. கூலி குறைவென்றால் வாய்திறந்து கேட்கவேண்டும். கேட்பது உரிமை, ஒளித்து எடுப்பது உரிமையன்று.

கூலி எதற்கு?

சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. தேங்காய் பறிப்பவனுக்கு மரக்கணக்கில் கூலி. தோட்டக் காவற்காரனுக்கு மாதச் சம்பளம். பறிப்பவன் பத்து மணிக்கே முடித்துவிட்டு வீடு போனால் யாரும் குறை சொல்வதில்லை. காவற்காரன் பத்து மணிக்குப் போனால் அது துரோகம். ஒருவனிடம் வாங்குவது வேலையை. மற்றவனிடம் வாங்குவது நேரத்தை. இந்த வித்தியாசம் நம் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். கணினி வேலையில்தான் அது தெளிவில்லாமல் கிடக்கிறது. கம்பனி நேரத்தை வாங்கியதாக நினைக்கிறது. அவள் வேலையை விற்றதாக நினைக்கிறாள். இருவருக்கும் நடுவே ஒரு பச்சைப் புள்ளி நின்று பொய் சொல்கிறது.

இதற்கு மருந்து, பேசித் தெளிவதுதான். தாலந்துகளின் உவமையை நினைத்துப் பாருங்கள். எசமான் தூரதேசம் போய்விட்டான். ஊழியர்களை யாரும் கண்காணிக்கவில்லை. அவன் திரும்பி வந்தபோது நல்ல ஊழியர் இருவரும் தாமாகவே முன்வந்து, பெற்றது இவ்வளவு, பெருக்கியது இவ்வளவு என்று கணக்குக் கொடுத்தார்கள். அது தற்பெருமையன்று. தானத்தை இடக்கை அறியாமல் செய்யச் சொன்ன அதே ஆண்டவர்தான், விளக்கை மரக்காலின் கீழ் வைக்கவேண்டாம் என்றும் சொன்னார். புகழுக்காகக் காட்டுவது ஒன்று. நம்பிக்கைக்காகக் கணக்குக் கொடுப்பது வேறொன்று. தாலந்தைப் புதைத்தவனோ, எசமான் கடினமானவன் என்று குறைகூறிக்கொண்டு வந்தான். பயம் இருக்குமிடத்தில் ஒளிவு இருக்கும்.

ஆகவே வீட்டிலிருந்து உழைக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்: காலையில் இன்று செய்யப்போவதையும் மாலையில் செய்து முடித்ததையும் நாலு வரியில் எழுதி மேலாளருக்கு அனுப்புங்கள். தடங்கல் வந்தால், அவர் கேட்குமுன் நீங்களே அறிவியுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று சொல்லுங்கள். வேலைக்கென்று ஒரு மூலையையும் ஒரு நேரத்தையும் ஒதுக்கி, அந்த நேரத்தில் உண்மையாகவே அங்கே இருங்கள். வேலை முந்தி முடிந்தால் முடிந்ததென்று சொல்லுங்கள். உங்களைக் காட்டவேண்டியது நீங்கள் செய்த வேலையே. ஆடிக்கொண்டிருக்கும் மவுஸ் அன்று.

மேலாளருக்கு ஒரு வார்த்தை

தோட்டத்துக் கங்காணியின் பெயரிலேயே கண் இருக்கிறது. ஆனால் அந்தக் கங்காணியும் மாலையில் வீட்டுக்குப் போனான். வேலையாளின் குடிசைக்குள் வந்து உட்காரவில்லை. இன்றைய கருவியோ வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கும் கண், உழைப்பைப் பெருக்குவதைவிட நடிப்பையே பெருக்குகிறது. நம்பப்படாதவன் நம்பிக்கைக்குரியவனாக இருக்கக் கற்றுக்கொள்வதில்லை.

1891-ல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர், தொழிலாளியின் மனித மாண்பை முதலாளி மதிக்கவேண்டும் என்று எழுதினார். 1981-ல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், மனிதன் வேலைக்காக அல்ல, வேலையே மனிதனுக்காக என்ற போதனையை விரித்துரைத்தார். நம் நாட்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டமும் 1954 முதல் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. வீட்டிலிருப்பவள்தானே என்று இரவு பத்து மணிக்கு அழைப்பதும், ஞாயிறு பூசை நேரத்தில் பதில் கேட்பதும் அந்த வரம்பை உடைப்பதாகும். வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்சு நாடு 2017-லேயே தன் சட்டத்தில் சேர்த்தது.

பச்சைப் புள்ளியே இல்லாதவர்கள்

இந்தத் தாய்க்காவது பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி எரிகிறது. வேலியோரத்தில் கருவாடு காய்ச்சுபவளுக்கும், துண்டுக் கணக்கில் தைப்பவளுக்கும் அதுவும் இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கென்று முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்துகிறார்கள். வீட்டு முற்றத்தில் உழைக்கும் எத்தனை பெண்களுக்கு அந்தக் கணக்கு இருக்கிறது? வீட்டிலிருந்து உழைப்போரை மற்றத் தொழிலாளருக்குச் சமமாக நடத்தவேண்டும் என்று சர்வதேசத் தொழில் தாபனம் 1996-ல் ஓர் உடன்படிக்கை செய்தது. அதை ஏற்றுக்கொண்ட நாடுகள் மிகச் சிலவே.

வெளியாரை மட்டும் குறை சொல்லவும் வேண்டாம். குடும்பச் சுமையைத் தாங்கும் பெண்களின் உழைப்பைச் சமுதாயமும், சிலவேளை சொந்தக் குடும்பமுமே உரியபடி மதிப்பதில்லை என்று அதே 1981-ம் ஆண்டுச் சுற்றுமடலில் பாப்பரசர் வருந்துகிறார். நம் தாயின் கதைக்குத் திரும்புவோம். பகல் இரண்டு மணிக்கு அவள் கணினியை விட்டு எழும்பியது ஓய்வெடுக்கவா? கஞ்சி, அடுப்பு, நோயாளி. இந்த வேலையைப் பார்க்க எந்த மேலாளரும் இல்லை. வீட்டிலிருக்கும் கணவன் பார்க்கவேண்டாமா? மவுஸைப் பிள்ளையிடம் கொடுக்கவேண்டி வந்தது, கஞ்சிக் கிண்ணத்தை வாங்க வேறு கை நீளாததால் அல்லவா?

பிள்ளையின் கேள்வி

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. "மகள், மேலாளரை ஏமாற்றியதைவிட, பிள்ளையின் கையால் ஏமாற்றியதுதான் எனக்கு வருத்தம். அவன் கேட்டது சரியான கேள்வி. அதற்கு நீ பதில் சொல்லக்கூடிய விதமாக வேலையை ஒழுங்குபண்ணிக்கொள்." அவள் மேலாளருக்கு எழுதினாள், கஞ்சி கொடுக்கும் அரை மணி நேரத்தையும் எழுதிக் கேட்டாள். அந்த அரை மணி கிடைத்தது. கூடவே, நேரம் மிச்சம் இருக்கிறதே என்று மேலதிக வேலையும் வந்து சேர்ந்தது. உண்மை சொன்னால் நன்மை மட்டுமே வரும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. பச்சைப் புள்ளி இன்னும் எரிகிறது. ஆனால் மகன் இப்போது மவுஸைத் தொடுவதில்லை. பின்னேரங்களில் வெளியே விளையாடப் போகிறான்.

மே முதலாம் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாகப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ல் ஏற்படுத்தினார். சூசையப்பர் பேசிய ஒரு வார்த்தைகூட நற்செய்தியில் இல்லை. அவர் செய்த கலப்பையோ கதவோ ஒன்றும் நமக்கு மிஞ்சவில்லை. அவர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு பிள்ளை மட்டும் இருந்தது. அந்தப் பிள்ளை வளர்ந்தபோது ஊரார், "இவன் தச்சன் மகன் அல்லவா?" என்று கேட்டார்கள்.

நம் வீடுகளிலும் வேலை நடக்கிறது. முதலாளி பார்க்கிறாரோ இல்லையோ, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.