கேட்டவருக்கு ஒரு வட்டி, கேளாதவருக்கு ஒரு வட்டி

அமெரிக்காவில் வீட்டுக் கடன் வாங்குபவர், கடன் கைக்கு வரும் நாள்வரை இன்ன வட்டிதான் என்று 30, 45 அல்லது 60 நாளுக்கு உறுதி வாங்கிக்கொள்ளலாம். ‘ரேட் லாக்’ என்பார்கள். 2022 தொடக்கத்தில் அங்கே 30 ஆண்டுக் கடனுக்கு வட்டி 3 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது. அக்டோபரில் 7-ஐக் கடந்துவிட்டது. அப்படி ஏறும் வேளையில் கடன் நிறுவனம் போன் செய்து, “சந்தை ஏறிவிட்டது, அரை சதவீதம் கூட்டித் தாருங்கள்” என்று கேட்டால் மோசடி என்போம். மோசடிதான். ஆனால் வட்டி இறங்கியதும், “குறைக்காவிட்டால் வேறு இடம் போகிறேன்” என்று கடன்காரர் கேட்டால் மட்டும் அதைச் சாமர்த்தியம் என்று பாராட்டுகிறோமே, ஏன்?

மூன்று லட்சம் டாலர் கடனில் 7 சதவீதம் 6.5 ஆனால் மாதத் தவணை ஏறத்தாழ 100 டாலர் குறையும். கேட்கத் தூண்டும் தொகைதான். கேட்பவரை நான் பழிக்கவில்லை. கடன் ஆவணத்தில் கையெழுத்திடும்வரை அவர் விலகிப் போகலாம். அந்த 100 டாலர் யார் பையிலிருந்து வருகிறது என்பதே என் கேள்வி.

வட்டியை உறுதி செய்ததும், பல நிறுவனங்கள் அடமானக் கடன் பத்திரங்களை (பல வீட்டுக் கடன்களைத் தொகுத்து உருவாக்குபவை) இன்ன விலைக்குத் தருவதாகச் சந்தையில் முன்கூட்டியே விற்றுவைக்கின்றன. வட்டி இறங்கினால் பத்திர விலை ஏறும். வாடிக்கையாளர் விலகிப் போனால், ஏறிய விலையில் வாங்கித்தான் அந்த விற்பனையை நேர்செய்ய வேண்டும். 2020 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி இந்தப் பத்திரங்களைப் பெருமளவில் வாங்கி விலை ஏறியபோது, முன்கூட்டி விற்றிருந்த நிறுவனங்கள் கூடுதல் பிணைப்பணம் கட்ட முடியாமல் திணறின.

இந்த இழப்பை எந்த நிறுவனமும் தன் லாபத்திலிருந்து தர்மமாகத் தருவதில்லை. சிலர் விலகுவார்கள், சிலர் பேரம் பேசுவார்கள் என்று முன்பே கணக்குப் போட்டு எல்லோருடைய வட்டியிலும் நிறுவனங்கள் அதை ஏற்றிவிடுகின்றன. மிரட்டத் தெரிந்தவர் சலுகை வாங்குகிறார். ஆங்கிலம் சரளமாக வராத குடியேறி, இரண்டு வேலை பார்க்கும் தாய், கொடுத்த சொல்லை மாற்றக் கூச்சப்படுகிறவர் ஆகியோர்தான் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். ‘வங்கியை மடக்கினேன்’ என்று மகிழ்பவர் உண்மையில் மடக்கியது இவர்களை.

இந்தியாவிலும் இதன் சாயல் உண்டு. 2019 அக்டோபர் முதல் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. பழைய கடன்காரரும் அதற்கு மாறலாம், ஆனால் அவராகக் கேட்க வேண்டும். கேட்கத் தெரியாதவர் பழைய கணக்கிலேயே கட்டிக்கொண்டிருப்பார்.

வட்டி இறங்கினால் குறைத்துக்கொள்ளும் உரிமையைத் தனி விலைக்கு விற்கும் வழக்கம் அமெரிக்காவில் ஏற்கெனவே இருக்கிறது. ‘ஃப்ளோட் டவுன்’ என்று அதற்குப் பெயர். அந்த விலையை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிடட்டும். வேண்டுபவர் பணம் கட்டி வாங்கட்டும், வேண்டாதவரின் வட்டியிலிருந்து அதைக் கழிக்கட்டும். நம் வங்கிகளும் தாமாகவே பழைய கடன்காரருக்கு எழுதி, மாறினால் தவணை எவ்வளவு குறையும் என்று ரூபாய்க் கணக்கில் சொல்லட்டும்.