கலத்தின் அளவும் உளத்தின் அளவும்

வேலையைக் குறைக்கும் கருவி வேலையை மட்டும்தான் குறைக்கிறதா? அவ்வேலையோடு பிணைந்து, நம்மையறியாமலே நம்மைக் காத்துவந்த ஓர் ஒழுங்கையும் அது உடன் எடுத்துச் சென்றுவிடுகிறதா? பெரிய ஆலைகளைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் இவ்வினா, இல்லத்துப் பொழுதுபோக்கு ஒன்றிலும் தெளிவாகத் தலைகாட்டுகிறது.

அமெரிக்க நாட்டில் தம் இல்லத்திலேயே பீர் காய்ச்சுவோர் பலர் உளர். குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையொப்பமிட்ட சட்டம், 1979 முதல் இதனை வரியின்றி அனுமதித்தது. வயது வந்தோர் ஒருவரே வாழும் இல்லத்துக்கு ஆண்டொன்றுக்கு 100 காலன்; இருவரோ அதற்கு மேற்பட்டோரோ வாழ்ந்தால் 200 காலன்; விற்பனை கூடாது. மாநிலச் சட்டங்களும் தனித்தனியே இசைய வேண்டியிருந்தமையால், 50 மாநிலங்களிலும் இவ்வுரிமை நிலைபெற்றது 2013-இல்தான்.

ஒருமுறைக்கு 5 காலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டர் காய்ச்சுவது இவர்கள் வழக்கம். முளைகட்டிய வாற்கோதுமையின் சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விடுவர். பின்னர் அதனை எதில் அடைப்பது? தொடக்கத்தில் நாடுவது புட்டியையே. 12 அவுன்சுப் புட்டிகள் 50-க்கு மேல் வேண்டும். ஒவ்வொன்றையும் கழுவி, கிருமி நீக்கி, அளந்த சர்க்கரை கலந்த பீரை ஊற்றி, மூடியை இறுக்கவேண்டும். எஞ்சிய ஈஸ்ட் அச்சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிட, அது வெளியேற வழியின்றி பீரிலேயே கரைந்து நுரையைத் தருகிறது. இதற்கு இரண்டு, மூன்று வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். சர்க்கரை மிகுந்தால் புட்டி வெடித்தலும் உண்டு.

இவ்வாறு பாடுபட்டோருள் பலர் பின்னர் 'கெக்' என்னும் எவர்சில்வர் கலத்துக்கு மாறுகின்றனர். குளிர்பானப் பாகு கொண்டுசெல்லப் பயன்பட்ட 5 காலன் கலம் அது. குளிர்பானத் தொழில் அட்டைப்பெட்டிக்குள் வைத்த பிளாஸ்டிக் பைகளை நாடியபோது, கழிக்கப்பட்ட கலங்கள் இவர்கள் கைக்கு வந்தன. இப்போது கழுவ வேண்டியது ஒரே கலம். சிலிண்டரிலுள்ள கரியமில வாயுவை, ரெகுலேட்டர் வழியே சதுர அங்குலத்துக்கு 10 அல்லது 12 பவுண்டு அழுத்தத்தில் செலுத்துகின்றனர். குளிர்ந்த நீர்மத்தில் வாயு நன்கு கரையுமாதலால், குளிர்பெட்டியில் வைத்த கலம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பதமாகிறது. பிறகு குழாயைத் திறந்தால் போதும்.

இம்மாற்றத்தைக் குறைகூற இடமில்லை. ஐம்பது புட்டிகளைக் கழுவுவது தன்னிலேயே ஓர் அறமன்று. உழைப்பு உயர்ந்தது என்பதற்காக வீண் சலிப்பும் உயர்ந்ததாகிவிடாது. மிச்சமான மாலைப்பொழுதைத் தன் பிள்ளைகளோடு செலவிடுபவன் நன்றே செய்கிறான்.

ஆயினும், புட்டி ஓசையின்றி ஆற்றிவந்த பணி ஒன்று உண்டு. அது எண்ணியது. இரண்டு புட்டிகளைப் பருகியவன் முன்னே இரண்டு வெற்றுப் புட்டிகள் சாட்சிகளாய் நிற்கும். மூன்றாவதன் மூடியைக் கழற்றும் நொடியில் அவன் மீண்டும் ஒருமுறை தீர்மானித்தாக வேண்டும். குழாயின்முன் அத்தகைய நிறுத்தம் இல்லை. அரைக் குவளை, மேலும் சிறிது, இன்னும் சிறிது என மாலை நகர்கிறது. கலத்துள் எஞ்சியிருப்பது கண்ணுக்குப் புலப்படாது. பருகியது எவ்வளவென்று நெஞ்சுக்கும் நினைவிராது.

எனில், கெக் தீயதா? அன்று. திறந்த புட்டியை வீணாக்க மனமின்றி முழுதும் குடித்து முடிப்போர் உண்டு. குழாயோ கால் குவளையோடு நிறுத்திக்கொள்ளவும் இடம் தருகிறது. மிகுதியாய்க் குடிக்கவும் குறைவாய்க் குடிக்கவும் வழியை ஒருங்கே திறந்துவைப்பது அது. புட்டி தானே வகுத்துத் தந்த அளவை, இனி மனிதன் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே உண்மை.

பகிர்தலிலும் இதே மாற்றம் நிகழ்கிறது. புட்டியை அடுத்த வீட்டாரிடம் எளிதில் கொடுத்தனுப்பலாம். கெக்கோ இருந்த இடத்திலேயே இருக்கும்; அயலாரை இல்லத்துக்கு அழைக்க வேண்டும். கொடை விருந்தோம்பலாக உயர்வதற்கு இது நல்வாய்ப்பு. அழைக்கும் மனமில்லாதவனோ தனித்திருந்து குடிப்பவனாவான்.

ஆறாம் நூற்றாண்டில் துறவியர்க்கு ஒழுங்கு வகுத்த புனித பெனடிக்ட், அதன் 40-ஆம் அதிகாரத்தைக் குடிப்பின் அளவுக்கென்றே ஒதுக்கினார். பிறருக்கு அளவு குறிப்பதில் அவருக்குத் தயக்கம் உண்டு. ஆயினும், நாளொன்றுக்கு ஓர் 'எமினா' திராட்சை இரசம் போதும் என்கிறார். இடமோ வேலையோ கோடை வெப்பமோ மிகுதியை வேண்டினால் மடத்தலைவர் முடிவு செய்யட்டும் என்கிறார். மனிதரின் வேறுபாட்டை மதித்தவாறே, கோப்பையை ஏந்துமுன் அளவைச் சொல்லிவிடும் நுண்ணறிவு இது. ஏந்தியபின் அளவு தேடுவோனுக்கு, தேடும் அறிவே மங்கத் தொடங்கியிருக்கும் அன்றோ!

சட்டம் ஆண்டுக்கான அளவைக் கூறலாம். இன்றைய மாலைக்கான அளவை அது கூறாது. புட்டி கூறியது, அதை நாமே விலக்கிவிட்டோம். ஆகவே, குழாயைப் பொருத்துகிறவன் அதே நாளில் தன் அளவையும் பொருத்திக்கொள்வானாக: சிறு குவளை ஒன்று, முன்னரே முடிவுசெய்த ஓர் எண், உடனிருந்து பருக ஒரு நண்பர். கருவியிடம் நம் சுமையை ஒப்படைக்கலாம். நம் தீர்மானத்தை ஒப்படைக்கலாகாது.