பவளக்கல் வரப்பு

உப்பளங்களுக்கு நடுவே ஒரு வீட்டுத் தோட்டம் பச்சையாக நிற்கிறதென்றால், அதற்குப் பின்னால் யாரோ பல வருஷம் விடாமல் பாடுபட்டிருக்கிறார்கள். 1950களின் இறுதியில் தூத்துக்குடிப் பக்கத்துக் கரையோரம் ரசாயன ஆலைக்காக எழுந்த ஊர் சாகுபுரம். ஆலையை நடத்திய சாகு ஜெயின் குடும்பத்தின் பெயரே ஊருக்கும் வந்தது. காஸ்டிக் சோடாவுக்கு வேண்டிய உப்பு பக்கத்திலேயே விளைவதால் ஆலை இங்கே வந்தது. அதே உப்புதான் செடிக்கு எமன்.

தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். குரோட்டன்ஸ் இலைகள் ஓரத்தில் கருகியிருக்கும். அரளியும் காகிதப்பூவும் நித்தியகல்யாணியும் எதையும் பொருட்படுத்தாமல் பூக்கும். ரோஜாவைத்தான் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்க்க வேண்டும். மரம் வைக்க ஆழமாகக் குழி தோண்டி, குளத்து வண்டலும் தேரிச் செம்மணலும் சாணமும் கலந்து நிரப்புகிறார்கள். தண்ணீருக்குத் தாமிரபரணியை நம்பியிருக்கும் கடைமடைப் பகுதி இது. அரிசி களைந்த தண்ணீரைக்கூடச் சாக்கடையில் ஊற்றாமல் முருங்கை மூட்டில் ஊற்றுகிற பெண்களை இங்கே பார்க்கலாம்.

இத்தனையும் சொந்த வீட்டுக்கா என்றால், இல்லை. ஆலை தந்த குவார்ட்டர்ஸ் வீடு. வேலையின் கடைசி வருஷங்களில் வைத்த மாங்கன்று நன்றாகக் காய்க்கிற காலத்தில் ஓய்வு வந்துவிடும். பழம் அடுத்து வருகிற குடும்பத்துக்கு. அது தெரிந்தேதான் வைக்கிறார்கள். தோட்டக்கலையில் இதைவிடப் பெரிய குணம் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தவருக்காகத் தோட்டம் என்றதும் இங்கிலாந்து நினைவுக்கு வருகிறது. அங்கே 1927இல் தனியார் வீட்டுத் தோட்டங்களை ஊராருக்குத் திறந்துவிட்டார்கள். நுழைவுக்கு ஒரு ஷில்லிங். முதல் வருஷம் 609 தோட்டங்கள் திறந்தன. வசூலான பணம் ஊர் ஊராகப் போய் நோயாளிகளைக் கவனித்த செவிலியருக்குப் போயிற்று. நம் ஊரில் சீட்டு கிடையாது. கதவருகில் நின்று பார்த்தாலே உள்ளே கூப்பிட்டு, ஒரு கிளையும் ஒடித்துக் கொடுத்தனுப்புவார்கள்.

அப்படிக் கூப்பிடப்பட்டு உள்ளே போகும்போது, செடிகளுக்கு அப்பால் கண்ணில் படுகிற ஒன்று என்னைத் தொந்தரவு செய்கிறது. இந்தக் கரையோரத்து வீடுகளில் துளசி மாடத்தைச் சுற்றியோ பாத்தி வரப்பிலோ வெள்ளைக் கற்களை அடுக்கியிருப்பார்கள். குனிந்து பார்த்தால் கல் முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமாகச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் குடியிருந்த அறை. அது பவளம். கெட்டியான பவளம் பெரும்பாலும் ஒரு வருஷத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். தலையளவுக் கல் என்றால் பல வருஷத்து வளர்ச்சி.

மன்னார் வளைகுடாவில் மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் சுவருக்கும் கொண்டுபோனார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று கடலுக்குள் இருக்கின்றன. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு கரைந்து கரைந்து சுருங்கியதால், மிச்சத்தைக் காப்பாற்றக் கான்கிரீட்டில் செயற்கைப் பாறை செய்து கடலில் இறக்க வேண்டியதாயிற்று. 2001இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்காத கடல் இது. எடுக்க எடுக்கக் குறையாது என்று இந்தக் கரையில் யாரும் சொல்ல முடியாது.

வரப்பில் கிடக்கும் பத்துக் கல்லால் தீவு மூழ்கவில்லை என்பார்கள். சரிதான். ஆனால் அழகு என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் எங்கிருந்தும் எடுக்கலாம் என்ற துணிச்சல் அந்தப் பத்துக் கல்லிலும் இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கிற கைகள், கல்லுக்கு மட்டும் கணக்குப் பார்க்காமல் விட்டதுதான் என் வருத்தம்.

செடியின் பெயரைக் கேட்பதுபோல, கல் வந்த இடத்தையும் இப்போதெல்லாம் கேட்கிறேன். “முன்னால இருந்தவங்க வச்சிட்டுப் போனது” என்பதுதான் பெரும்பாலும் பதில். உண்மையாகவே இருக்கும். மாமரமும் அவர்கள் வைத்துப் போனதுதான். மாமரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கன்று வைக்கலாம். ஆனால் பவளக்கல் வரப்பை நீட்டும்போது, இடித்த வீட்டின் ஓட்டுச் சில்லும் செங்கல்லும் போதும். அவை இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன.