எந்தப் பாடம்? எவர் தீர்ப்பு?

ஆனி பிறக்கிறது, குற்றாலத்தில் சாரல் விழுகிறது, பேரருவியிலும் ஐந்தருவியிலும் ஊரெல்லாம் கூடிக் குளிக்கிறது. அதே நாட்களிலேதான், தென்காசியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், பதினைந்து வயதுப் பிள்ளைகள் மதிப்பெண் தாளைக் கையிலேந்திப் பள்ளி அலுவலறை வாயிலில் நிற்கிறார்கள். கணக்கும் உயிரியலுமா, கணினியா, வணிகவியலா, வரலாறா, தொழிற்பிரிவா? ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் கேள்வி. அளிக்கப்படும் விடையோ, ஐம்பதாண்டுக் காலம் பின்தொடரும்!

"இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்பதையே இழிவென்று கருதுவோர் உளர். கல்வி அறிவுக்காக, வயிற்றுக்காக அன்று என்பர். இனிய பேச்சு! ஆனால் பேசுபவர் யார் என்று பார்த்தீர்களா, தோழர்களே? பெரும்பாலும், மூன்று தலைமுறையாக அடுப்பு அணையாத வீட்டினர். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி. கே. சி. சட்டம் பயின்றவர், எனினும் வழக்குகளில் மூழ்காமல் கவிதையில் தோய்ந்திருந்தார். கம்பனைப் பற்றி அவர் கருத்து வேறு, நம் கருத்து வேறு, அது கிடக்கட்டும். படித்தது ஒன்று, வாழ்ந்தது ஒன்று என்றிருக்க அவருக்கு இயன்றது. ஆலங்குளத்தில் பீடி சுற்றும் தாயின் மகளுக்கு இயலுமா?

அந்தத் தாயைப் பாருங்கள். மடியிலே சுளகு; சுளகிலே வெட்டிய இலையும் தூளும்; விரல்கள் ஓய்வதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கூலி. பள்ளி விட்டு வந்த மகள் பக்கத்தில் அமர்ந்து நூல் கட்டுகிறாள். அந்த மகள், "எந்தப் பாடம் என்னை இந்தச் சுளகிலிருந்து எழுப்பிவிடும்?" என்று கேட்கிறாள். அது பேராசைக் கேள்வியா? விடுதலைக் கேள்வி என்கிறோம் நாம்.

தொழிலையும் கல்வியையும் இணைத்துப் பேசும்போது, பழைய காயம் ஒன்று நினைவுக்கு வரத்தான் செய்கிறது. 1953இல், இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்தபோது, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் பிள்ளை, பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்கட்டும் என்றார்கள். குலக்கல்வி என்று பெயரிட்டு நாடே எதிர்த்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. தொழில் கற்பது தவறென்று அன்று எவரும் கூறவில்லை. குயவன் மகன் சக்கரத்தருகே போகவேண்டும், வழக்குரைஞர் மகன் எங்கே போகவேண்டும் என்பதைப் பிறப்பு முடிவு செய்வதா என்பதே வழக்கு. தானே தேர்ந்த தொழிலுக்கேற்ற பாடம் வேறு. தலையிலே கட்டப்பட்ட தொழிலுக்கேற்ற பாடம் வேறு. முன்னது உரிமை, பின்னது விலங்கு.

அந்த விலங்கு ஒழிந்ததா? தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது, பிரிவுகள் வந்தன, தேர்வுரிமையும் வந்துவிட்டது என்று எண்ணினோம். தேர்ந்தெடுப்பது யார்? முதலில் மதிப்பெண். மிகுதியாகப் பெற்றவனுக்கு 'முதல் குரூப்', குறைந்தவனுக்கு வணிகவியல், இன்னும் குறைந்தவனுக்கு வரலாறோ தொழிற்பிரிவோ. பாடங்களுக்குள்ளும் நால்வருணம்! வரலாற்றை விரும்பி நாடும் மாணவனை, "ஏன், மார்க் இல்லையா?" என்று கேட்டுக் கூனிக் குறுக வைக்கிறோம். அடுத்த தீர்ப்பாளர், பக்கத்து வீட்டார்: அவர் மகன் பொறியாளன், ஆகவே நம் மகனும். மூன்றாமவர் சோதிடர். புதன் நின்ற இடம் பார்த்துக் கணினிப் பாடம் எடுக்கச் சொல்கிறார்; கணினி எந்தக் கிரகத்தின் ஆட்சியில் உள்ளதென்று எந்த ஓலையிலே கண்டாரோ! பெண்பிள்ளையாயின் நான்காவது தீர்ப்பும் உண்டு: பேருந்து ஏறாமல் போய்வரக்கூடிய பள்ளியில் எந்தப் பிரிவு இருக்கிறதோ, அதுவே அவளுக்குப் பிடித்த பிரிவு.

இவ்வளவையும் கடந்து ஒரு பிள்ளை தெளிவாகத் தேர்ந்தாலும், அரசுகள் சொல் காக்கின்றனவா? 2006இல் இயற்றிய சட்டத்தால் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு நீக்கியது; மேல்நிலை மதிப்பெண்ணே போதும் என்றாயிற்று. அதை நம்பி 2015 சூனில் உயிரியல் எடுத்த சிற்றூர் மாணவி, 2017இல் பள்ளியை முடித்து வெளியே வந்தபோது, வாயிலில் 'நீட்' நின்றது. அவள் படித்த பாடம் மாறவில்லை, பூட்டு மாறிவிட்டது. ஒரு விதியைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, மற்றொரு விதியால் தீர்ப்பளிப்பது அறமாகுமா?

பூட்டுகள் இயற்கையின் படைப்பல்ல என்பதற்கும் சான்றுண்டு. பள்ளியில் உயிரியலை முறையாகப் பயிலாதவர்க்கு மருத்துவக் கல்வியின் கதவு நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்னர், ஏற்பு பெற்ற வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் 'நீட்' எழுதலாம். ஒரு தாள், ஒரு கையொப்பம்! அந்த மைக்காக எத்தனை பிள்ளைகள் எத்தனை ஆண்டு காத்திருந்தனரோ.

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் சோகோ என்னும் மென்பொருள் நிறுவனம் 2011 முதல் இயங்கி வருகிறது. பள்ளிப் படிப்பு முடித்தோரை எடுத்து, உதவித்தொகை தந்து, பயிற்றி, பட்டம் கேளாமலே பணியில் அமர்த்தும் வழக்கமும் அதற்குண்டு. நல்ல செய்தி, பட்டமில்லாதவன் மூளையில்லாதவன் என்ற மூடநம்பிக்கை அங்கே உடைகிறது. ஆனால் இதைக் காட்டி, "பட்டம் எதற்கு?" என்று ஏழைப் பிள்ளைக்கு அறிவுரை கூறக் கிளம்புவோரிடம் நமக்கு ஒரு சொல் உண்டு. அந்த நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான சிறீதர் வேம்பு, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, பிரின்சுடனில் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டத்தைப் பெற்றவர் அதைத் துறக்கலாம்; பெறாதவர் எதைத் துறப்பது? ஒரு நிறுவனத்தின் வாயில் மூடினால் அடுத்த வாயிலில் காட்டுவதற்கு, முதல் தலைமுறைப் பிள்ளையின் கையில் அந்தத் தாள் இருக்கத்தான் வேண்டும்.

பாவூர்ச்சத்திரத்திலும், கடையநல்லூரிலும், செங்கோட்டையிலும் படிப்பகம் நடத்தும் இளைஞர்களுக்கு வேலை இருக்கிறது. சூன் மாத வரிசைக்குக் காத்திராதீர். ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரை அழைத்து, எந்தப் பாடம் எந்தக் கதவைத் திறக்கிறது, எதை மூடுகிறது, மூடியதைத் திறக்க என்ன வழி என்று எழுதிக் காட்டுங்கள். பாலிடெக்னிக் படித்துப் பின் பொறியியலில் நேரே இரண்டாமாண்டு சேரலாம் என்பதைக்கூட அறியாத வீடுகள் இருக்கின்றன. தாயின் அருகே மகளையும் அமர்த்துங்கள். அவளைப் பேச விடுங்கள். எல்லாம் கேட்டறிந்த பின்னும், மதிப்பெண் நிறைய வைத்திருந்தும், வரலாறுதான் வேண்டும் என்று அவள் சொன்னால், அந்தத் தாயிடம் அவளுக்காக வாதாடவும் ஆயத்தமாகச் செல்லுங்கள்.