ஏறி இறங்கும் நேரம்

வெறும் வயிற்றில் ஒருவர் ரத்தம் முழுவதிலும் இருக்கும் குளுக்கோஸைத் திரட்டினால் ஐந்து கிராம் தேறும். ஒரு டீஸ்பூன். நாலு இட்லி அதைப்போல எட்டு மடங்கை உள்ளே அனுப்புகிறது. சட்னி, சாம்பாரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இத்தனை வந்து சேர்ந்த பிறகும் ரத்தச் சர்க்கரை எண் நூற்றைம்பதுக்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது என்றால் வியக்க வேண்டியது அதைத்தான். நானோ ஐம்பது ஏறிவிட்டதே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சர்க்கரை கிடையாது. மூன்று மாதச் சராசரி 5.4, 5.5 என்றே வருகிறது, 5.7க்குக் கீழே இருந்தால் சரி என்பது கணக்கு. ஆனால் அப்பாவுக்கு இருக்கிறது. அவருடைய மீட்டர் சாப்பாட்டு மேஜை மேலேயே கிடக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆனால் என் கை அதைத் தேடுகிறது.

“உனக்குத்தான் ஒண்ணும் இல்லையேடா. ஏன் ஸ்ட்ரிப்பை வீணாக்குற?” என்பார் அப்பா. அவருக்கு ஸ்ட்ரிப் விலை கவலை. எனக்கு 156.

*

இந்த 156 எங்கிருந்து வந்து பயமுறுத்துகிறது என்று யோசித்தேன். எல்லாருக்கும் தெரிந்த எல்லைக்கோடு 140. அது 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து, கை நரம்பில் எடுத்த ரத்தத்துக்கான கோடு. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2024இல் ஒரு மணி நேரத்துக்கும் 155 என்று ஒரு கோடு போட்டது. அதுவும் அதே குளுக்கோஸ் தண்ணீருக்குத்தான்; இட்லிக்கு அல்ல, தடவிய எண்ணெய்க்கு அல்ல, அவசரத்தில் விழுங்கிய காபிக்கு அல்ல.

போதாக்குறைக்கு மீட்டர். நூறுக்கு மேலே போனால் பதினைந்து சதவீதம் முன்னே பின்னே காட்டலாம் என்று உலகத் தர நிர்ணயமே இடம் கொடுக்கிறது. என் 156, 133ஆகவும் இருக்கலாம், 179ஆகவும் இருக்கலாம். இந்த இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று மீட்டர் சொல்லாது. மனம் மட்டும் தயங்காமல் 179ஐ எடுத்துக்கொள்கிறது.

*

பந்தியில் ஆள் உட்கார்ந்த பிறகு யாரும் உலை வைப்பதில்லை. கணையமும் கொஞ்சம் இன்சுலினை முன்பே தயாராக வைத்திருக்கிறது. சர்க்கரை ரத்தத்தில் ஏறத் தொடங்கியதும் அந்தக் கையிருப்பை முதல் பத்து நிமிடத்துக்குள் இறக்கிவிட்டு, பிறகு நிதானமாகப் புதிதாகச் சுரக்கிறது. கல்லீரல் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்த சர்க்கரையைக் குறைத்துக்கொள்கிறது. வந்ததில் ஒரு பங்கை வாங்கியும் வைக்கிறது. தசைகள் இன்னொரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஒரு மணி நேரத்தை ஒட்டி உச்சம், இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய இடம்.

நான் குத்திப் பார்ப்பது சரியாக அந்த உச்சியில். இவ்வளவு வேலையும் நடுவழியில் இருக்கும்போது கதவைத் தட்டி “என்ன ஆச்சு?” என்று கேட்கிறேன். மூன்றாவது மணி நேரத்தில் கேட்கத் தோன்றியதே இல்லை. அப்போது பயம் தானாகவே அடங்கியிருக்கும், அல்லது வேறு வேலை வந்திருக்கும்.

*

சாத்துக்குடி உரித்த கையோடு ஒரு நாள் குத்தினேன். 210. மறுபடி கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துப் பார்த்தால் 118. ஜப்பானிய மருத்துவர்கள் 2011இல் இதைச் சோதித்தே எழுதியிருக்கிறார்கள்: ஆரஞ்சும் திராட்சையும் கிவியும் உரித்த விரலில் எண் தாறுமாறாக ஏறியது, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் இறங்கவில்லை, குழாய்த் தண்ணீரில் கழுவியதும் சரியானது. விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாத பழச்சாறு. அது உலரும் முன் நான் கண், சிறுநீரகம், கால் என்று வரிசையாக இழந்து முடித்திருந்தேன்.

பதறினால் அட்ரினலின் சுரக்கும். அட்ரினலின் சுரந்தால் கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடும். குத்தும் முன்பே பதறுகிறவனுக்கு இதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

*

நண்பர் ஒருவர் மேல்கையில் சென்சார் ஒட்டிக்கொண்டிருக்கிறார். நோய் இல்லாதவர். அமெரிக்காவில் 2024 முதல் மருந்துச் சீட்டே இல்லாமல் இது கிடைக்கிறது. தோலுக்கடியில் மெல்லிய இழை ஒன்று நுழைந்து செல்களுக்கு இடையே உள்ள நீரை அளக்கிறது. ரத்தத்துக்கு அது சில நிமிடம் பின்தங்கியே வரும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இல்லாத தாழ்வைக் காட்டும். சர்க்கரை இல்லாதவர்களுக்கே இதை மாட்டி ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள்: நாளில் 96 சதவீத நேரம் 70க்கும் 140க்கும் நடுவில். அதாவது, நல்ல உடம்பும் அவ்வப்போது கோட்டைத் தாண்டும்.

இன்சுலின் போடும் குழந்தைக்கு இந்தக் கருவி பெரிய வரம், அதில் சந்தேகமே இல்லை. நண்பர் இதனால் வெண்பொங்கலை விட்டார். நெய்யில் வறுத்த மிளகு வாசனை வரும்போது அவர் போனைப் பார்க்கிறார். அதைப் பார்க்கத்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

*

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023இல் சொன்ன கணக்கு: நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. அப்பா வழியில் யாரும் தப்பவில்லை. ஆனால் வாசலில் நின்றவர்களை வைத்து இங்கேயே நடந்த, 2006இல் வெளியான ஆய்வும் உண்டு. அவர்களில் ஒரு பிரிவுக்குச் சொல்லப்பட்டது நடையும் உணவுக் கட்டுப்பாடும். மூன்று ஆண்டில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.

ஆகவே இரவுச் சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடியில் நடக்கிறேன். நடக்கிற தசை இன்சுலின் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. தானே குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வழியும் சத்தம், கீழே யாரோ மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்துவது. சில இரவுகளில் இறங்கி வந்து பார்க்கத் தோன்றுகிறது, பார்க்கிறேன். சில இரவுகளில் தோன்றுவதில்லை. இரண்டாவது வகை நாளில் மட்டும் ரசம் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறது.

*

அடுத்த மாதம் அக்காவுக்கும் எனக்கும் ரத்தப் பரிசோதனை. அக்காவுக்கு ரத்தசோகை, இரும்புச்சத்து குறைந்தால் மூன்று மாதச் சராசரி கூட்டிக் காட்டக்கூடும் என்பதால் டாக்டர் குளுக்கோஸ் தண்ணீர்ச் சோதனையை எழுதியிருக்கிறார். சரியான அளவு, சரியான நேரம், சரியான ரத்தம். நானும் அதையே செய்துகொள்கிறேன் என்று கேட்டு வாங்கினேன்.

“அந்தப் பாகை எப்படிடா குடிக்கிறது? வயித்துல புள்ளையோட குடிச்சதே இன்னும் தொண்டையில நிக்குது.”

“எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கலாமான்னு லேப்ல கேக்கலாம்க்கா.”

“கேட்டுட்டு ரெண்டா வாங்கிட்டு வா. உனக்கும் வேணும்ல?”